பீரோ வந்து சேர்ந்ததா என்று கேட்ட அக்காவுக்கு

என்றைக்கும் என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு, உன் தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவளும் குறைசொல்ல முடியாத அளவுக்கு இருக்கிறோம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போவதில்லை. அங்கே நீயும் அத்தானும் மற்ற எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சுகமில்லையென்றால் அதை நீ முதல் வரியில் எழுதி, அதற்கும் நான்தான் காரணம் என்று இரண்டாவது வரியில் நிரூபித்திருப்பாய்.

உன் கடிதம் வந்து பல நாளாகிறது. மாற்றலாகிப் போனாயே போய்ச் சேர்ந்தாயா, நான் ஆசையாகக் கொடுத்த கண்ணாடி வைத்த பீரோ பத்திரமாக வந்ததா, இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத உனக்கு இத்தனை நாளா, ஊராருக்கு வாய்தா கொடுத்துக் கொடுத்து அக்காவுக்கும் வாய்தா கொடுக்கப் பழகிவிட்டாயா என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. பதில் இதுதான்: பீரோ வந்து சேர்ந்தது, கண்ணாடி வந்து சேரவில்லை. இதை அன்றைக்கே ஒரு வரியில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் எப்படி உடைந்தது என்று நீ அடுத்த கடிதத்தில் கேட்பாய். அதற்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை, ஏனென்றால் அந்தக் கண்ணாடி ஒரு கொலை வழக்கில் போய் மாட்டிக்கொண்டுவிட்டது. அந்த வழக்கில் ஜாமீன் மனு ஒன்று என் மேஜையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் உத்தரவைப் படித்து முடித்தேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் வேலையாக உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். சாமான் ஏற்ற ஒரு வண்டி வேண்டும் என்று இந்த ஊர் நீதிமன்றத்துத் தலைமை எழுத்தருக்குத் தகவல் அனுப்பினேன். அவர், "நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார் ஐயா, பொறுப்பா கொண்டுவந்து சேர்த்துடுவார்" என்று ஒரு நீல நிற வேனை அனுப்பிவைத்தார். அதை ஓட்டி வந்தவரை இந்த ஊரில் எல்லோரும் மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வண்டி அவருடைய அக்கா புருஷனுடையது. அவர் ஊரில் இல்லை, அவர் வண்டியை மச்சான்தான் ஓட்டுகிறான் என்று சொல்லிச் சொல்லி அதுவே பெயராக நின்றுவிட்டது. முன்பின் தெரியாத ஒருவரை மச்சான் என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. எனக்கே இப்படி என்றால் இவள் பாடு எப்படி? தம்பி என்று வைத்துக்கொண்டாள். அந்தத் தம்பி உன் பீரோவை நாலு பேராகத் தூக்கிக் கடைசியாக ஏற்றினார். ஏற்றிவிட்டுப் பின்கதவைச் சாத்தினால் கதவு நிற்கவில்லை. கதவை இழுத்து மாட்டும் இரும்புக் கொண்டி தேய்ந்ததா வளைந்ததா தெரியவில்லை, மாட்டினால் நழுவியது. அதன்மேல் ஒரு கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். "இதை மாத்தக் கூடாதாப்பா?" என்றேன். "மாத்தக் கூடாதுங்க ஐயா, கோர்ட் உத்தரவு" என்றார். நான் சிரித்தேன். "கதவுக் கொண்டியை மாத்தாதேன்னு எந்தக் கோர்ட்டுப்பா உத்தரவு போடும்? முதல்ல இதைக் கழட்டிட்டு வேற போடு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "சரிங்க ஐயா" என்றார். நாங்கள் காரில் பின்னால் வந்தோம். ஊருக்குள் நுழைகிற திருப்பத்தில் முடிச்சு அவிழ்ந்து, கதவு தானாக வாயைத் திறந்து, உன் பீரோ விளிம்பு வரை வந்து எங்களை எட்டிப் பார்த்தது. விழவில்லை. கண்ணாடி மட்டும் குறுக்கே கீறிக்கொண்டது. இவள் அப்போதிலிருந்து அந்தக் கீறலில் பாதி முகத்துக்கு ஒரு தடவையும் மீதி முகத்துக்கு ஒரு தடவையுமாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

இனி நீதிமன்றம். கட்டடத்துக்கு இரண்டு மாடி. கீழே விசாரணை நடக்கும் அறை, அதற்கு வேறொரு நீதிபதி. மேலே நான், ஜாமீன் மனுக்கள் என்னிடம் வரும். என் தலைக்கு மேல் ஒரு மின்விசிறி இருக்கிறது. அதைப் போட்டால் வக்கீல்கள் பேசுவது காதில் விழாது, நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும். நியாயமா காற்றா என்று காலையிலேயே முடிவு செய்துகொண்டு உட்கார வேண்டும். வந்து இரண்டாவது வாரம், தலைமை எழுத்தர் பழைய துணியில் கட்டிய ஒரு பெரிய காகிதக் கட்டை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்து வைத்தார். ஒரு வேன்காரர், கொலைக் குற்றம், ஏழு வருடமாக உள்ளே இருக்கிறார், விசாரணை முடியவில்லை, ஜாமீன் கேட்கிறார். ஏழு வருடமா என்று கேட்டேன். ஆமாம் ஐயா என்று, மழை வருமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

வழக்கு இவ்வளவுதான். வேன்காரரும் அவரிடம் சுமை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞனும் ஒரு நாள் டீக்கடையில் நாலு பேர் பார்க்கச் சண்டை போட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் அவருடைய வேனின் பின்பக்கத்தில் உட்கார்ந்து போன அந்த இளைஞன் சாலையில் விழுந்து இறந்துபோனான். வண்டியை நிறுத்தி, பின்னால் போய், கொண்டியைக் கழற்றி, ஆளைப் பிடித்துத் தள்ளிவிட்டார் என்கிறது போலீஸ். வண்டி நிற்கவே இல்லை, கொண்டி பழசு, அவன் கதவில் சாய்ந்திருந்தான், திருப்பத்தில் தானாகத் திறந்துகொண்டது என்கிறார் வேன்காரர். ஆக எல்லாம் அந்தக் கொண்டியில் நிற்கிறது. அதனால்தான் வண்டியைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். இதை நான் படித்துக்கொண்டே வந்து, வண்டியின் நிறம் நீலம் என்ற இடத்தில் நிறுத்தினேன். விசிறியையும் நிறுத்தச் சொன்னேன். தலைமை எழுத்தரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். உன் பீரோவும் என் கட்டிலும் இவளுடைய ஊறுகாய் ஜாடிகளும் ஒரு கொலை வழக்கின் முதல் சாட்சிப் பொருளில் ஏறி வந்திருக்கின்றன. கொண்டியை மாற்றாதே என்று எந்தக் கோர்ட் சொல்லும் என்று கேட்டேன் அல்லவா? நான் உட்கார்ந்திருக்கிற கோர்ட்தான் சொல்லியிருக்கிறது.

என் பொருள் உடைந்திருக்கிறது, அந்தக் கதவு தானாகத் திறந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நீதிபதி தன் கண்ணால் பார்த்ததை வைத்து வழக்கைப் பார்க்கக் கூடாது. மறுநாள் திறந்த மன்றத்தில் இரண்டு பக்கத்து வக்கீல்களிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். இந்த வண்டியில் என் சாமான் வந்திருக்கிறது, கதவு திறந்தது, கண்ணாடி உடைந்தது, ஆகவே நான் இந்த மனுவை விசாரிப்பதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டேன். அரசு வக்கீல் எழுந்து, "ஏழு வருஷம் கழிச்சு இப்ப திறக்குதுன்னா அன்னைக்கும் திறந்துச்சுன்னு அர்த்தமில்லைங்க ஐயா. ஆனா ஆட்சேபணை இல்லை" என்றார். வேன்காரருக்காக வந்த வக்கீலம்மாவும் ஆட்சேபணை இல்லை என்றார். அப்புறம் மெதுவாக, "ஐயா விலகினா வேற யார்கிட்ட போறதுன்னு பாக்கணும். கீழ இருக்கிற ஐயா வீடு மாத்தினதும் அந்த வண்டியிலதான்" என்றார். தலைமை எழுத்தர் தன் மகள் வீட்டுச் சாமானும் அதில்தான் போனது என்று தானாகவே ஒத்துக்கொண்டார். அதில் சாமான் ஏற்றாத ஒரே ஆள் அரசு வக்கீல்தான், அவர் வெளியூர். உள்ளூர் அரசு வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவர்தான் முதல் மூன்று வருடம் வேன்காரருக்கு வக்கீலாக இருந்தவர். பிறகு அரசு வக்கீல் பதவி கிடைத்து அந்தப் பக்கம் போய்விட்டார். ஆகவே இந்த வழக்கில் அவர் எந்தப் பக்கமும் வாய் திறக்க முடியாது. இதற்கென்று வெளியூரிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வர வேண்டும். பஸ் வராத நாளில் வழக்கும் வராது.

சரி, ஏன் இத்தனை வருடம் என்று தலைமை எழுத்தரை உட்காரவைத்துக் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை அக்கா, நல்ல மனிதர், பொறுமையாகத்தான் விளக்கினார். "கட்டு ஒண்ணுதாங்க ஐயா. கீழ விசாரணை நடக்கணும்னா கட்டு கீழ இருக்கணும். அவர் ஜாமீன் கேட்டா கட்டு மேல வரணும். மேல வந்துட்டா கீழ, கட்டு இல்லைன்னு வாய்தா போடுவாங்க. மேல ஜாமீன் இல்லை, விசாரணையைச் சீக்கிரம் முடிங்கன்னு உத்தரவு போட்டுக் கட்டைக் கீழ அனுப்புவாங்க. அது போய்ச் சேர்றதுக்குள்ள சாட்சி ஊருக்குப் போயிடுவார். திரும்ப வாய்தா. ரொம்ப நாளாகுதேன்னு அவர் திரும்ப ஜாமீன் கேப்பார். கட்டு மேல வந்துடும்." விசாரணை தாமதமாவதால் அவர் ஜாமீன் கேட்கிறார், ஜாமீன் கேட்பதால் விசாரணை தாமதமாகிறது. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த எல்லோரும் ஒரே உத்தரவைத்தான் போட்டிருக்கிறார்கள்: குற்றம் கடுமையானது, விசாரணை விரைவில் முடியப்போகிறது, மனு தள்ளுபடி. யாரும் தப்பாக எழுதவில்லை. விரைவில் முடியும் என்று ஒவ்வொருவரும் மனதார நம்பித்தான் எழுதியிருக்கிறார்கள். "ஒரு நகல் எடுத்து வெச்சுக்கலாமே?" என்றேன். "எடுக்கலாங்க ஐயா. அதுக்குக் கட்டைப் பிரிச்சு வெளிய அனுப்பணும். அதுவரைக்கும் வாய்தா போடணும்" என்றார். முழங்கால் வலிக்க ஆரம்பித்தது, எழுந்துவிட்டேன்.

ஜாமீன் கொடுப்பது என்றால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவது என்று அத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார், போன தடவை அவர் பேசியதிலிருந்து தெரிந்தது. அவரிடம் சொல், அது அப்படியில்லை. விட்டவன் வெளியே போய் யாரையாவது ஏதாவது செய்துவிட்டால் அதற்கு நான்தான் பொறுப்பு என்று என் மனசாட்சி சொல்லும், பத்திரிகைக்காரரும் சொல்லுவார். விடாமல் வைத்து, ஏழு வருடம் பத்து வருடமாகி, கடைசியில் இவர் செய்யவில்லை என்று தீர்ப்பு வந்தால் அந்த வருடங்களை எந்த அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன்? ஒவ்வொரு விசாரணையின்போதும் கடைசி பெஞ்சில் ஒரு வயதான தையல்காரர் வந்து உட்காருவார். இறந்துபோன இளைஞனின் அப்பா. கையில் தைக்க வேண்டிய துணிப்பை இருக்கும். ஒரு நாளும் குரல் எழுப்பியதில்லை. அவரைப் பார்க்காமல் உத்தரவு எழுதிவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. எழுந்து நிற்கச் சொல்லி, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டேன்.

"அவரை விடுங்க, விடாதீங்க, அது உங்க இஷ்டம் ஐயா. அவர் தள்ளினாரா, என் மகன் தானா விழுந்தானா, அதை யாராவது ஒருத்தர் சொல்லுங்க. நான் அதுக்குத்தான் வர்றேன். நான் கண்ணை மூடுறதுக்குள்ள சொல்லிடுவீங்களா?"

முப்பது வருடமாக எல்லோருக்கும் பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், அன்றைக்கு அவர் கேள்வியை அப்படியே குறிப்பில் எழுதிக்கொண்டேன். கூண்டில் நின்ற வேன்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போகும்போது கறுப்புத் தலை, இப்போது பாதி வெள்ளை. உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவரையும் கேட்டேன். "கேஸை நடத்துங்க ஐயா. இல்லைன்னா என்னை விடுங்க. ரெண்டுல ஒண்ணு செய்யுங்க" என்றார். இவருக்கும் அந்தத் தையல்காரருக்கும் வேண்டியது ஒன்றேதான், அதைக் கொடுக்கத்தான் எங்களால் முடியவில்லை. அக்கா, எனக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, அதனால் விசிறியைப் போடச் சொன்னேன்.

அரசு வக்கீல் நன்றாகத்தான் வாதாடினார். குற்றம் கடுமையானது, சாட்சியைக் கலைப்பார், கொண்டியைப் பார்த்து அறிக்கை கொடுத்த நிபுணர் ஓய்வுபெற்று மகள் வீட்டோடு போய்விட்டார், அவரைக் கண்டுபிடித்து வரவழைத்து ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்றார். ஆறு மாதம் என்ற சொல் அந்தக் கட்டில் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ண எனக்குத் தெம்பில்லை. ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "எல்லாம் சரி. வண்டியும் அப்பவே பிடிபட்டதுதானே, அது எப்படி வெளியே ஓடிக்கிட்டிருக்கு?"

"அதை முதல் வருஷமே விட்டுட்டோங்க ஐயா. அவர் சம்சாரம் மனு போட்டாங்க. எதையும் மாத்தாம, கூப்பிட்டா கொண்டுவரணும்னு எழுதி வாங்கிக்கிட்டு விட்டாச்சு."

"ஏன் விட்டீங்க?"

"கேஸ் எப்ப முடியும்னு சொல்ல முடியாதுங்களே. அதுவரைக்கும் வெயில்லயும் மழையிலயும் போட்டு வெச்சா வீணாப் போயிடும், யாருக்கும் பிரயோஜனம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கேயே நிறுத்திவிட்டார். நல்ல மனிதர்தான் அவரும். கையில் இருந்த காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்தார். வக்கீலம்மா எழுந்திருக்கக்கூட இல்லை. நான் மத்தியானத்துக்கு மேல் உத்தரவு என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே போனதும் உத்தரவு தானாக எழுதிக்கொண்டுவிட்டது என்று நினைக்காதே. ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். என் பீரோ கண்ணாடிதான் என் கையைப் பிடித்து எழுதவைக்கிறதோ என்று சந்தேகம். கதவு தானாகத் திறந்ததை நான் பார்க்காமல் இருந்திருந்தால் இந்த மனிதரை விடுவேனா என்று என்னையே குறுக்கு விசாரணை செய்தேன். விடுவேன் என்றுதான் பதில் வந்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்பதில் நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. அது கீழே இருக்கும் நீதிபதியின் வேலை. ஆனால் நடக்காத விசாரணைக்காக ஒருவரைக் காத்திருக்கவைப்பது தண்டனைதான், அந்தத் தண்டனையை யாரும் தீர்ப்பாக எழுதவில்லை, நானும் எழுத மாட்டேன் என்று எழுதினேன். ஜாமீன் கொடுத்தேன். நிபந்தனைகளும் போட்டேன்: தையல்காரரின் தெருப் பக்கம் போகக் கூடாது, காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும், சாட்சிகளோடு பேசக் கூடாது, சாட்சிப் பொருளைத் தொடக் கூடாது. கடைசி நிபந்தனையைப் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது. அவர் வெளியே வரலாம், ஆனால் அவருடைய வண்டியை அவரே தொடக் கூடாது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கட்டு இனி மாடி ஏறக் கூடாது, எது வேண்டுமென்றாலும் நகல்தான் வர வேண்டும், அந்த நகலை ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எடுங்கள் என்றும் ஒரு வரி சேர்த்தேன். தலைமை எழுத்தர் முகம் கொஞ்சம் சுண்டியது. தையல்காரர் எழுந்து, துணிப்பையை எடுத்துக்கொண்டு போனார். நேற்றுச் சாயங்காலம் வேன்காரர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டதாக வக்கீலம்மா தகவல் அனுப்பினார்.

நீ சின்ன வயதிலிருந்தே என்னை ஒன்று சொல்லுவாய், இவனிடம் இரண்டு சட்டையைக் காட்டினால் வெற்றுடம்போடு நிற்பான் என்று. இந்த ஒரு தடவை ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். சரியான சட்டையா என்று கேட்காதே. தூக்கம் வருகிறது, அது போதும்.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். இத்தனையும் நடக்கும்போது வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. வழக்கு விஷயம் வாசற்படி தாண்டி உள்ளே வரக் கூடாது என்பது நான் வேலைக்குச் சேர்ந்த நாளில் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. இவளுக்கு அந்த வண்டியின் கதையும் தெரியாது, கொண்டியின் கதையும் தெரியாது. "ஏன் இப்படி ஜன்னலைப் பாத்துக்கிட்டே நிக்கறீங்க?" என்று கேட்டாள், காற்றுக்காக என்றேன். மற்றவர்கள் எப்படியோ, இந்த வயதில் எனக்கு மிச்சமிருக்கிற பெருமை இது ஒன்றுதான். உத்தரவு போட்டாயிற்று என்பதால் உனக்கு மட்டும் எழுதுகிறேன், அதையும் நானே தபாலில் சேர்ப்பேன்.

பீரோவைப் பற்றி இனிக் கவலைப்படாதே. புதுக் கண்ணாடி மாட்ட இவள் போன வாரமே கடைக்கு அனுப்பிவைத்து, முந்தாநாள் திரும்பியும் வந்துவிட்டது. இப்போது முழு முகமும் தெரிகிறது. எப்படி அனுப்பினாள், யார் தூக்கினார்கள் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. வீட்டு நிர்வாகத்தில் தலையிடுவது எனக்கு எப்போதும் பிடிக்காது.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் கேட்ட புத்தகத்தை அடுத்த தடவை கொண்டுவருகிறேன். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், படித்து வேறு எந்த வேலைக்காவது போகட்டும், என் வாழ்த்து எப்போதும் உண்டு. உன் திட்டும் அன்பும் இதேபோல நீடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, நிம்மதியாகக் கையெழுத்திடும்,
உன் தம்பி.

பின்குறிப்பு: அக்கா, மேலே நிம்மதி என்று எழுதியதை அடித்துவிடு. திங்கட்கிழமை காலை ஆகிவிட்டது, கடிதம் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. காபி குடிக்கும் நேரத்துக்குத் தலைமை எழுத்தர் வீட்டுக்கே வந்து ஒரு மனுவைக் கொடுத்தார். அரசு வக்கீலின் மனு. வேன்காரர் வெளியே வந்த அன்றே போலீஸ் போய் வண்டியைப் பார்த்திருக்கிறது. பின்கதவில் பளபளவென்று புதுக் கொண்டி. ஜாமீனில் வந்த கையோடு சாட்சிப் பொருளைச் சிதைத்துவிட்டார், ஜாமீனை ரத்து செய்து இன்று பத்தரை மணிக்கே அவரைத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஏழு வருடம் தொடாத கொண்டியை ஒரே நாளில் மாற்றிவிட்டாரே, இந்த மனிதரையா நம்பினேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதுதான் முப்பது வருடத்தில் முதல் தடவையாக வழக்கு விஷயம் வாசற்படி தாண்டியது.

"எந்தக் கொண்டி?" என்றாள் இவள். "நீல வண்டிக் கொண்டியா? அது நான் மாத்தச் சொன்னது. போன வாரம் பீரோவைக் கடைக்கு அனுப்பினேனே, புதுக் கண்ணாடியும் உடைஞ்சிடக் கூடாதேன்னு ஆளைக் கூப்பிட்டு மாத்திட்டேன்."

"அந்தத் தம்பி ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னார். கோர்ட் உத்தரவு இருக்கும்மான்னார். ஐயாவே அன்னைக்கு மாத்தச் சொல்லிட்டாரே, அதைவிட என்ன உத்தரவு வேணும்னு கேட்டேன். அதுவும் சரிதான்னு சொல்லிட்டார். ஏங்க, நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன் அக்கா. என்னிடம் முன்கூட்டியே கேட்டிருக்கலாமே என்றேன். வழக்கு விஷயம் வீட்டில் பேசக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லையா, கோர்ட் உத்தரவு என்றதும் அது வழக்கு விஷயம் என்று புரிந்துதான் கேட்கவில்லை என்றாள். அந்தப் பழைய கொண்டி எங்கே என்று கேட்டேன். எதையும் தூக்கிப்போடாத கை அவளுடையது, உனக்குத் தெரியும். சமையலறையில் ஆணி, திருகு, பழைய சாவி எல்லாம் போட்டுவைக்கும் டப்பாவிலிருந்து எடுத்து வந்து மனுவின்மேல் வைத்தாள். ஏழு வருடமாக எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த பொருள், என் உள்ளங்கை அளவுகூட இல்லை.

இனி இந்த வழக்கை நான் தொட முடியாது. விலகுகிறேன் என்றும், காரணம் என்ன என்றும் எழுதிவிட்டேன், என் பங்கையும் மறைக்கவில்லை. ரத்து மனு வேறு நீதிபதியிடம் போகும். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் நீதிபதியா சாட்சியா என்று எனக்கே தெரியாது. ஆனால் பத்தரை மணிக்குள் யாராவது போய் உண்மையைச் சொல்லாவிட்டால், என் வீட்டில் நடந்ததற்காக அந்த மனிதர் திரும்ப உள்ளே போவார். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே, "யார்கிட்ட சொல்லணும்? நானே வந்து சொல்றேன்" என்று புடவை மாற்றப் போய்விட்டாள். அந்த வழக்கில் இத்தனை வருடத்தில் சம்மன் அனுப்பாமல், வாய்தா கேட்காமல், கூப்பிட்ட அன்றே வரச் சம்மதித்த முதல் சாட்சி உன் தம்பி பெண்டாட்டிதான்.

கொண்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள். என் காரில் வந்தால் தப்பாகப் பேசுவார்கள் என்று அவளே வண்டி வரவழைத்துவிட்டாள். எட்டிப் பார்த்தேன், அதே நீல வண்டி. ஏறி உட்கார்ந்துவிட்டாள். கதவு நன்றாக மூடுகிறது.